வாதுமை மரத்தடி

உங்கள் வீட்டுக் கொல்லையில் நாட்டு வாதுமை மரம் நின்றால், அதனடியில் புல்லும் முளைப்பதில்லையே என்று நீங்களும் குறைப்பட்டிருப்பீர்கள். நானும் குறைப்பட்டேன், அதோடு நில்லாமல் ஒரு பிழையும் செய்தேன்.

மர்ஹூம் வாப்பா நட்ட மரம் அது. அவர்கள் மறைந்தபின், நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்த உம்மாவுக்கு அந்த நிழலே வெளியுலகமாயிற்று. உம்மா அமரும் இடம் அழகாகட்டும் என்றெண்ணி, வேர்கள் புடைத்திருந்த தரையின்மேல் ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி ரோஜாவும் மல்லிகையும் வைத்தேன். வெயிலின்றிச் செடிகள் நலிந்தன. அது போகட்டும், மறு ஆண்டில் மரத்தின் உச்சிக் கிளைகளே காயத் தொடங்கின.

“மரத்துக்கு மூச்சு முட்டுதுப்பா, மண்ணை எடுத்துரு” என்றார்கள் உம்மா. நான்தான் பட்டம் பெற்றவனாயிற்றே, உடனே கேட்பேனா? விசாரித்த பிறகே உண்மை விளங்கிற்று. நீரும் சத்தும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். அதன்மேல் மண் குவிந்தால் காற்று எட்டாது. அடிமரத்தை மூடினால் பட்டையும் அழுகும். மண்வெட்டி போட்டால் எஞ்சிய வேரும் அறுபடும் என்பதால், அஸருக்குப்பின் நாள்தோறும் அமர்ந்து கொட்டாங்கச்சியால் வழித்தே அகற்றினேன்.

இப்போது அம்மரத்தின் இலைகளையே அதற்கு விரிப்பாக்கியுள்ளோம். சிவந்து உதிரும் அவற்றை முன்பெல்லாம் கூட்டிக் கொளுத்துவோம். முழு இலை தட்டுப்போல் படிந்து மழைநீரைத் தடுக்கும். ஆதலால் உலர்ந்ததும் மிதித்து நொறுக்கி, அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். வேர் நெருங்கிய இடத்தில் எதுவும் நடவேண்டாம். அமர ஒரு பலகை போதும். காலை வெயில் சாய்ந்து விழும் நிழலோரத்தில், வேரை வெட்டாமல் இடைவெளி பார்த்துக் கற்பூரவல்லி, இஞ்சி, மஞ்சள் வையுங்கள். வைகாசியில் ஊன்றிய மஞ்சளை நாங்கள் மாசியில் எடுத்தோம். பாத்திரம் கழுவும் நீர் ஓடும் பக்கம் சேம்பு தானே தழைக்கிறது.

இரவில் வௌவால்கள் சதையைத் தின்று போடும் கொட்டைகளைப் பிள்ளைகள் காலையில் பொறுக்கிக் கல்லால் உடைக்கிறார்கள். மரம் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். மேற்கே இரண்டு கிளைகள் மட்டும் துளிர்க்கவேயில்லை, அறுத்துவிட்டோம். அந்தப் பக்கம் மாலை வெயில் விழுகிறது. உம்மா ஒன்றும் சொல்லாமல் பலகையைக் கிழக்கே நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.