அண்ணரின் இரவுகள்

இரவுப் பதிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு நள்ளிரவு தாண்டி நான் வீடு திரும்பிய காலங்களில், அண்ணர் விழித்தே இருப்பார். கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். இயந்திரத்தோடு பிணைந்திருக்கும் நான்கு மணி நேரமும் கண்ணயர்வார். இரவில் முகட்டைப் பார்த்தபடி கிடப்பார். விடிந்தால் எல்லோர் மீதும் எரிச்சல். நோய் அவருடைய குணத்தையே கெடுத்துவிட்டது என்று நானும் எண்ணியதுண்டு.

இருள் சூழ்ந்ததும் மூளையில் சுரந்து உறக்கத்துக்கு வழிவிடும் மெலட்டோனின், இத்தகைய நோயாளர்களிடம் இரவில் போதியளவு உயர்வதில்லை என்பதைப் பிந்தியே வாசித்தறிந்தேன். நெதர்லாந்தில் நாளுக்கு 3 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் மாதத்தில் தூக்கம் கூடியிருந்தது. ஓராண்டு நிறைவில் அப்பயன் காணப்படவில்லை.

மாத்திரையைப் பற்றி அண்ணர் ஒன்றும் கேட்கவில்லை. சுரப்புக் குறைவதைச் சொல்லும் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

“அப்ப இது என்ர குணமில்லை, என்ன?” என்றார்.