கரிசல் சீமை லாரியும் காஷ்மீரத்துக் குளிரும்

எம்.ரெட்டியபட்டிக்கு எந்த மாதத்தில் போகலாம் என்று யாராவது உங்களைக் கேட்டால், சித்திரையில் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் ஒட்டிய அந்த வானம் பார்த்த சீமையில், கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக் கருவேல முள். நடுநடுவே மழையை நம்பி விதைத்த பருத்தியும் சோளமும் மிளகாயும். குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அதில் மணலைத்தான் பார்க்கலாம். 1879-ல் ரமண மகரிஷி பிறந்தது இந்தத் திருச்சுழியில்தான்.

இப்படிப்பட்ட சீமையில் குளிரைப் பற்றி யாராவது பேசுவார்களா? பேசுகிறார்கள், அம்மா! டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டே பேசுகிறார்கள். மழை பொய்த்தால் முள்ளை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது இங்கே ஒரு பிழைப்பு. லாரி ஏறி வடக்கே போவது இன்னொரு பிழைப்பு.

தேசப் படத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். பக்கத்து விருதுநகர் வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே கன்னியாகுமரியைத் தொடுகிறது. வடக்கே ஸ்ரீநகரைத் தொடுகிறது. முழு நீளம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். தீபாவளிக்கு முன்னால் சிவகாசிப் பட்டாசு லாரி லாரியாக வடக்கே ஏறும். அதே பருவத்தில்தான் காஷ்மீரத்தில் ஆப்பிள் பறிப்பார்கள். காலி வண்டியாகத் திரும்ப எந்த லாரிக்காரருக்கு மனம் வரும்? உங்கள் வீட்டுக் குழந்தை கடித்துப் போட்ட ஆப்பிளுக்குப் பின்னால் இவ்வளவு சங்கதி இருக்கிறது.

ஆகவே, “லாரி எண்ணெய் ஆண்கள் சமாசாரம்” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சொந்த லாரி என்றால் மாதத் தவணை உண்டு. பல வீடுகளில் அம்மாளின் கழுத்துச் சங்கிலியும் அதில் அடக்கம். பனி மலையில் என்ஜின் பிடித்துக்கொண்டால் போவது அந்தச் சங்கிலிதான். ஒரு லாரிக்காரரின் மனைவி சொன்னது காதிலேயே நிற்கிறது: “அவுக லடாக்குக்குப் போயிருக்காக. நான் இங்கன வேர்த்து ஊத்திக்கிட்டு, அவுகளுக்குக் குளிருமேன்னு கவலைப்பட்டுக்கிட்டுக் கெடக்கேன்.”

குளிர் என்ஜினை என்ன செய்யும்? பதில் உங்கள் சமையலறை அலமாரியிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். விளக்கெண்ணெயோ உறையாது, ஆனால் கரண்டியிலிருந்து விழ மனமில்லாமல் இழுக்கும். கடுங்குளிரில் என்ஜின் எண்ணெய் இந்த விளக்கெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது. பேட்டரியோ குளிரில் பாதி பலத்தை இழந்து நிற்கும். அது எப்படி அந்தக் குழம்பில் என்ஜினைச் சுழற்றும்? சுழன்றாலும், பம்பு எண்ணெயை இழுத்து மேலே அனுப்புவதற்குள் இரும்பு இரும்போடு உரசித் தேயும். (விளக்கெண்ணெயை மட்டமாகச் சொல்லிவிடக் கூடாது. ஒரு காலத்தில் ஆகாய விமான என்ஜின்களுக்கே அதுதான் எண்ணெய். 1909-ல் வந்த ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.)

எண்ணெய் டப்பாவில் ‘15டபிள்யூ-40’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்றால் ‘விண்டர்’, குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறையக் குளிரில் இளக்கம் அதிகம். பின்னால் இருக்கும் எண் என்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 15டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ எண்ணெயை 30 டிகிரி கீழே. நம் ஊருக்கும் ஜம்முவுக்கும், ஏன், ஸ்ரீநகருக்கும்கூட 15டபிள்யூ-40 போதும். அங்கிருந்து 11,500 அடிக்கு மேலே உள்ள ஜோஜிலா கணவாயைத் தாண்டித் திராஸ், கார்கில், லே என்று குளிர்காலத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கு 5டபிள்யூ-40 வேண்டும். விலை கூடுதல்தான். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

“கெட்டி எண்ணெய்தான் என்ஜினுக்குக் காப்பு” என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பழைய வண்டிக்கு, நம் வெயிலுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். மலைக்கு அது உதவாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 லாரிகளுக்கோ சாம்பல் குறைந்த எண்ணெய் தேவை. கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பார்த்து வாங்குவதே நல்லது.

டீசலின் குணம் வேறு. அதில் கலந்துள்ள மெழுகு, தேங்காய் எண்ணெய் போலவே, குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இதற்கென்றே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்குத் தனிக் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை அது ஓடும். கீழ்நாட்டு டீசலை டாங்கி நிறைய நிரப்பிக்கொண்டு மலை ஏறாமல், குறைத்துக்கொண்டு போய் மேலே நிரப்புவது கெட்டிக்காரத்தனம். டாங்கிக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் ஆபத்து. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். இரும்பும் விரிந்து பிளக்கும். உறையாத் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்தால், 35 டிகிரி கீழே போனாலும் பயமில்லை. பிரேக்குக் காற்று டாங்கியில் சேரும் தண்ணீரையும் தினம் வடிக்க வேண்டும். அது உறைந்தால் பிரேக் வேலை செய்யாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இதை வீட்டிலிருக்கும் நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேண்டும். காஷ்மீரத்தில் கரி நெருப்பிட்ட ‘காங்ரி’ச் சட்டியைக் கம்பளி அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சட்டியையோ அடுப்பையோ லாரிக் கேபினுக்குள் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். முள்ளுக்கரி மூட்டம் போடுகிற எம்.ரெட்டியபட்டிச் சீமைக்காரர்களுக்குக் கரியின் குணம் தெரியாததல்ல. ஆனால் நடுங்கும் இரவில் தெரிந்ததும் மறந்து போகும். பையில் இன்னொரு கம்பளியை வையுங்கள்.

லாரி ஊர் திரும்பியதும் அந்த 5டபிள்யூ-40 எண்ணெயை அவசரமாக வடிக்க வேண்டாம். பின் எண் 40 என்பதால் சித்திரை வெயிலுக்கும் அது தாங்கும். மாற்றும் கெடு வரும்போது மாற்றினால் போதும். ரேடியேட்டர் திரவத்தையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். துருப் பிடிக்காமலும், நம் வெயிலில் சீக்கிரம் கொதித்துவிடாமலும் காப்பது அதேதான்.