சேனாபதி எங்க வீட்டுக்கு வந்தா...

முதல்லயே சொல்லிடறேன், இது விமர்சனம் இல்லை. "ரோட்டுக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடிச்சு பாட்டு எடுத்தவர்தானே"ன்னு ஷங்கர் பேரைக் கேட்டாலே சிரிக்கிறவங்க இத்தோட எஸ்கேப் ஆயிடலாம். எனக்குக் கோபம் வராது. நானும் சிரிச்சவன்தான்.

தினமும் காலையில மயிலாப்பூர்ல வண்டியைக் கிளப்பி, மந்தைவெளி, அடையாறு தாண்டி, மத்திய கைலாஷ்ல திரும்பி ஆபீஸ் போறேன். வழியில தரமணி வளாகம். சென்ட்ரல் பாலிடெக்னிக்கும் அங்கேதான், திரைப்படக் கல்லூரியும் அங்கேதான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. கொஞ்சம் தள்ளி 2000-ல கட்டின டைடல் பார்க், அதைத் தொடர்ந்து என்னை மாதிரி ஆட்களை அடைச்சு வெச்சிருக்கிற கண்ணாடிக் கட்டடங்கள். சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். கும்பகோணத்துல 1963-ல பிறந்த ஒரு பையன், சினிமா சொல்லித்தர்ற இடம் பக்கத்துலயே இருந்தும், இந்தப் பக்கம் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளமா படிச்சான். ஏன்னா நம்ம வீடுகள்ல அப்படித்தான். முதல்ல ஒரு வேலை, அப்புறம் பார்த்துக்கலாம்.

வேலையும் கிடைச்சது, ஹால்டா டைப்ரைட்டர் கம்பெனியில. இன்னைக்கு டைப்ரைட்டரே இல்லை, விடுங்க. வேலை பார்த்துக்கிட்டே நாடகம் போட்டார். நடிகனாகணும்னுதான் ஆசை, அதுவும் காமெடி நடிகனா. எஸ்.ஏ.சந்திரசேகர்கிட்ட உதவியாளரா சேர்ந்தார். சின்னச் சின்ன வேஷங்கள்ல தலையைக் காட்டினார். அப்புறம் பவித்ரன்கிட்ட 'சூரியன்' (1992). அந்தப் படத்தோட தயாரிப்பாளர் கே.டி.குஞ்சுமோன்தான் அடுத்த வருஷம் 'ஜென்டில்மேன்' இயக்கற வாய்ப்பைக் கொடுத்தார். படம் வந்தது 1993 ஜூலை 30. அன்னைக்கு ஷங்கருக்கு முப்பது வயசாக இன்னும் பதினெட்டு நாள் பாக்கி. எனக்கு இருபத்தேழு ஆச்சு. இன்னும் கோடுல செமிகோலன் விட்டுட்டு ராத்திரி பதினோரு மணிக்குத் தேடிக்கிட்டு இருக்கேன் :(

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். காதலன் (94), இந்தியன் (96), ஜீன்ஸ் (98), முதல்வன் (99), பாய்ஸ் (2003), அந்நியன் (2005), சிவாஜி (2007), எந்திரன் (2010). ஒவ்வொண்ணும் முன்னதைவிடப் பெருசு. நடுவுல 'முதல்வன்'லேர்ந்து சொந்தக் கம்பெனி வேற. தான் எடுக்கறது பிரம்மாண்டம், ஆனா தன் காசுல மத்தவங்களை எடுக்க வெச்சது காதல், வெயில் மாதிரி படங்கள். இதை மட்டும் அவரைக் கிண்டல் பண்றவங்க வசதியா மறந்துடுவாங்க.

இனி கொஞ்சம் கொசுவத்தி.

நான் தியேட்டர்ல பார்த்த முதல் ஷங்கர் படம் அந்நியன். ஏழு வயசு. விக்ரம் முடியைத் தொங்கவிட்டு வந்தப்போ அப்பா கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா ராத்திரி தூக்கத்துல வந்தது அந்நியன் இல்லை, அம்பியோட தங்கச்சி. மழைத் தண்ணியில கால் வெச்சதும் கரன்ட் அடிச்சுச் செத்துப்போற சின்னப் பொண்ணு. யாரோ ஒருத்தர் தன் வேலையை ஒழுங்காப் பார்க்கலை, அவ்வளவுதான் காரணம். அந்த வருஷம் மழைக்குத் தெருவுல தண்ணி தேங்கினப்போ, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுதேன்.

ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது, ஷங்கர் படம் எல்லாத்துக்கும் அஸ்திவாரம் இப்படி ஒரு சின்னச் சாவுதான். ஜென்டில்மேன்ல நல்ல மார்க் வாங்கியும் லஞ்சம் கொடுக்க வழியில்லாம சீட் கிடைக்காம உயிரை விடற நண்பன். இந்தியன்ல தீக்காயத்தோட கிடக்கிற மக. போற இடமெல்லாம் காசு கேட்கறாங்க, சேனாபதி கொடுக்க மாட்டேங்கறார், மக போயிடறா. எந்திரன்ல கூட, ரோபோ ஒரு பொண்ணைத் தீயிலேர்ந்து காப்பாத்தி, உடம்புல துணி இல்லாம கேமரா முன்னாடி நிறுத்திடும். அவமானம் தாங்காம அவ ஓடி வண்டியில அடிபட்டுச் செத்துடுவா. ஒரு கணம், ஒரு உயிர். மேல இருக்கிற செட், கிராபிக்ஸ், கோடிகள் எல்லாம் அந்தச் சின்னச் சாவுக்கு நியாயம் கேட்கத்தான். நாம செட்டைப் பார்த்துட்டு சாவை மறந்துடறோம்.

அந்தச் சாவுகளை நம்ப வெச்சதுல வாத்தியாருக்கும் பங்கு உண்டு. இந்தியன்லேர்ந்து சிவாஜி வரைக்கும் பெரும்பாலும் சுஜாதா வசனம். டிப்ளமா மெக்கானிக்கல் ஒருத்தர், பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வாக்கு மெஷின் செஞ்ச என்ஜினியர் ஒருத்தர், ரெண்டு பேரும் உக்காந்து நம்ம ஊர் லஞ்சத்துக்கு சர்க்யூட் டயக்ராம் போட்டிருக்காங்க. எந்த மேஜைலேர்ந்து எந்த மேஜைக்கு எவ்வளவு போகுதுன்னு அவ்வளவு துல்லியம். 2008 பிப்ரவரியில வாத்தியார் போயிட்டார். எந்திரன்ல அவர் பேர் இருந்தது, ஆனா அதைப் பார்க்க அவர் இல்லை.

இப்ப எங்க அப்பா.

அப்பா தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதினார். 1996-ல கல்யாணம் ஆன புதுசுல அம்மாவோட பார்த்த படம் இந்தியன். அதுக்கப்புறம் அவர் வாழ்க்கையில ஒரு வீர வரலாறு உண்டு. தாத்தா போனப்புறம் ஏதோ பேர் மாத்தறதுக்காக ஒரு ஆபீஸுக்கு அலைஞ்சார். ஐந்நூறு கொடுத்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கொடுக்கலை. பதினொரு மாசம் அலைஞ்சார். கடைசியில வேலை முடிஞ்சது. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வரதுக்கு முன்னாடி இந்தக் கதை வந்துடும். "அலைஞ்சேன், ஆனா அஞ்சு பைசா குடுக்கலை." சின்ன வயசுல எனக்கு சேனாபதியும் அப்பாவும் ஒரே ஆள். அப்பாவுக்கு வர்மக்கலை மட்டும் தெரியாது.

2015-ல ப்ளஸ் டூ முடிச்சேன். கட்-ஆஃப் 171. கவுன்சிலிங்ல போனா எங்கேயோ தூரத்துல, நான் கேட்காத பாடம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தேன். ஆமா, நான்தான். மூணாம் நாள் அப்பா, "கிளம்புடா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்"னார்.

காலேஜ் பேர் வேண்டாம். ஆபீஸ் வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில என்னை உக்கார வெச்சுட்டு அப்பா உள்ளே போனார். கையில மஞ்சப்பை, அடியில கனம். இருபது நிமிஷம் கழிச்சு வந்தார். பை நாலா மடிச்சு சட்டைப் பையில இருந்தது. கட்டணத்துக்கு ரசீது கையில இருந்தது, பையில இருந்ததுக்கு இல்லை. பஸ்ல திரும்பும்போது ஒரு வார்த்தை பேசலை. அம்மா கையில ரெண்டு வளையல் குறைஞ்சதை நான் அடுத்த வாரம்தான் கவனிச்சேன். கவனிச்சும் கேட்கலை.

தமிழ்நாட்டுல நன்கொடை வாங்கறதைத் தடை பண்ணி 1992-லேயே சட்டம் வந்தாச்சு. ஜென்டில்மேன் வந்தது அதுக்கு அடுத்த வருஷம். அதாவது கிச்சா கொள்ளையடிச்சு காலேஜ் கட்டக் கிளம்பினப்பவே இது குற்றம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தது அதுக்கு இருபத்திரண்டு வருஷம் கழிச்சு.

அன்னையிலேர்ந்து வீட்டுல ரெண்டு விஷயம் நின்னு போச்சு. ஒண்ணு, அப்பாவோட ஐந்நூறு ரூபாய் கதை. யார் வந்தாலும் இப்ப காபி மட்டும்தான். இன்னொண்ணு, டிவியில ஜென்டில்மேன் போட்டா யாராவது ஒருத்தர் சேனலை மாத்திடுவோம். பேசி வெச்சுக்கலை. தானா நடந்தது.

என் கட்-ஆஃப்க்கு மேல வாங்கி, மஞ்சப்பை இல்லாத ஒரு பையன் எங்கேயோ இருந்திருப்பான். அவன் உயிரை விட்டிருக்க மாட்டான், ஷங்கர் படம் இல்லையே. வேற ஏதோ படிச்சு வேற ஏதோ வேலையில இருப்பான். ஆனா கிச்சாவோட கதையில அவன்தான் நண்பன். நான் யாரு?

இங்கேதான் எனக்கு ஷங்கர் மேல ஒரு கேள்வி இருந்துக்கிட்டே இருந்தது. அவர் படம் பார்க்கிற தியேட்டர்ல தப்பு பண்ணவன்னு ஒருத்தன்கூட உக்காந்திருக்க மாட்டான். மந்திரி, அதிகாரி, காண்ட்ராக்டர் எல்லாம் திரையில. பாதிக்கப்பட்டவங்க எல்லாம் சீட்ல. அந்நியன் லிஸ்ட்ல நம்ம பேர் இருக்கும்னு நினைச்சு யாராவது கை தட்டுவோமா? லஸ் கார்னர்ல ஹெல்மெட் இல்லாம மாட்டினா ரசீது வேண்டாம்னு காசை நீட்டறது நாமதானே. சிவாஜியில மட்டும் ஹீரோவே, அதுவும் நம்ம சாஃப்ட்வேர் ஆசாமி, வரிசையா எல்லாருக்கும் லஞ்சம் கொடுத்துப் பார்ப்பார். ஆனா அது இலவசக் காலேஜ் கட்ட. நான் ஒரே ஒரு சீட்டுக்கு.

இந்தியன்ல ஒரு பதில் இருந்தது, நான்தான் கவனிக்கலை. அதுல கடைசி ஊழல்வாதி மந்திரி இல்லை, சேனாபதியோட சொந்த மகன். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு லஞ்சம் வாங்கிட்டு சான்றிதழ் கொடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைங்க சாகக் காரணமானவன். மகளுக்காகக் கூட வளையாத அப்பா, மகனையும் விடலை. அந்த வருஷம் கமலுக்கு தேசிய விருது, ஆஸ்கருக்கு இந்தியா சார்பா அனுப்பின படமும் அதுதான். எல்லாரும் வயசான மேக்கப்பைப் பத்திப் பேசினாங்க. எங்க அப்பா உட்பட.

2024 ஜூலைல இந்தியன் 2 வந்தது. அதுக்கு முன்னாடி அந்தப் படம் பட்டபாடு பெரிய கதை. 2020 பிப்ரவரியில செட்ல கிரேன் சரிஞ்சு மூணு பேர் செத்துப்போனாங்க. அது நிஜச் சாவு, எந்த வசனமும் நியாயம் சொல்ல முடியாத சாவு. வருஷக்கணக்கா நின்னு, திரும்பக் கிளம்பி, ஒருவழியா வந்த முதல் நாளே ஊர் பூரா ட்ரோல். நான் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி முதல் பாகம் பார்த்தவராச்சே.

படம் நீளம். என்னைச் சுத்தி எல்லார் கையிலயும் மொபைல் வெளிச்சம். நியாயமா அலுக்க வேண்டிய இடங்கள் நிறைய. ஆனா நான் அலுத்துக்கவே இல்லை, வேர்த்துக்கிட்டு இருந்தேன். ஏன்னா இந்தத் தடவை சேனாபதி இளைஞர்களைப் பார்த்து, முதல்ல உன் வீட்டுல யார் தப்பு பண்றாங்கன்னு பாருங்கறார். சித்தார்த் தன் சொந்த அப்பாவையே மாட்டி விடறார். வீடே சிதறுது. அப்புறம் அதே ஜனங்க சேனாபதியைத் துரத்தறாங்க. முப்பது வருஷமா எதிரியைத் திரையிலேயே காட்டினவர், கடைசியா கையைத் திருப்பி சீட் பக்கம் நீட்டினார். படம் ஓடலை. திரைக்கதை சரியில்லைன்னு சொல்றாங்க, நானும் ஒத்துக்கறேன். ஆனா அது மட்டும்தான் காரணமான்னு எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்து 2025 ஜனவரியில வந்த கேம் சேஞ்சரும் போச்சு. ஷங்கர் காலம் முடிஞ்சதுன்னு எழுதிட்டாங்க. முடிஞ்சிருக்கலாம். பெரிய ஸ்க்ரீன்ல பெரிய வில்லனை அடிக்கிறதை நம்பற நாமளும் இப்ப இல்லையே.

படம் விட்டு வெளியே வந்து வண்டி எடுக்க நடந்தோம். அப்பா டோக்கனைத் தேடிக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம சொன்னார்.

"சேனாபதி நம்ம வீட்டுக்கு வந்திருந்தா, முதல் குத்து எனக்குதான்டா."

ஒன்பது வருஷம். அந்தப் பஸ்ல பேசாதது அன்னைக்கு பார்க்கிங்ல வந்தது.

"இல்லப்பா, உங்களை இல்லை. சாப்பிடாம கிடந்தவனைத்தான் முதல்ல கேட்பார்."

அப்பா பதில் சொல்லலை. டோக்கன் கிடைச்சுது. வண்டியில பின்னாடி உக்காந்தார். ராயப்பேட்டை தாண்டும்போது தோள்ல கை வெச்சார். சாதாரணமா வண்டிக் கம்பியைத்தான் பிடிச்சுக்குவார்.

அம்மாவுக்கு வளையல் வாங்கித் தந்தாச்சு. அது சுலபம், ஆறு மாச இ.எம்.ஐ. அந்த இன்னொரு பையனுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. இப்போதைக்கு சனிக்கிழமை மட்டும் பக்கத்துத் தெருவுல ப்ளஸ் டூ பசங்க நாலு பேருக்குக் கணக்கு சொல்லித் தரேன். இதைப் பெருமையா எழுதலை, வட்டி மாதிரிதான். அசல் அப்படியே நிக்குது.

போன வாரம் வீட்டுக்கு ஒரு சித்தப்பா வந்தார். காபி வரதுக்கு முன்னாடி அப்பா பழைய கதையை ஆரம்பிச்சார். "அலைஞ்சேன், ஆனா அஞ்சு பைசா..." பாதியில நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஒரு தடவை குடுத்தேன். அதையும் சொல்லிடறேன்"னு தொடர்ந்தார்.

நான் உள்ளே போகலை. உக்காந்து முழுசா கேட்டேன்.