ஆறாவது எண்

கோபாலபுரத்தில் என் வீட்டு மாடியில் பல ஆண்டுகள் கணக்கு டியூஷன் எடுத்தேன். அங்கே படித்த பிள்ளைகளுக்குப் பகா எண்களைப் பற்றித் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். தவறு என்று தெரிந்த பிறகும் திருத்தவில்லை. முதலாவது அறியாமை. இரண்டாவது குற்றம்.

பகா எண்களுக்கு முடிவில்லை என்று சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் நிறுவினார். அதை நடத்தும்போது, “2, 3, 5 என்று பகா எண்களை வரிசையாகப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். எப்போதும் புதிய பகா எண்தான் வரும். எவ்வளவு பெரியது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்” என்பேன். 3, 7, 31, 211, 2311 என்று பலகையில் எழுதுவேன். ஐந்தும் பகா எண்கள். அதோடு நிறுத்திவிடுவேன்.

ஒரு மாலை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறாவதையும் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள். “சார், 13 வரைக்கும் பெருக்கினா 30031 வருது. அது 59-ஆல மீதியில்லாம வகுபடுது.”

“எங்கேயோ தப்பா வகுத்திருப்பே, உட்காரும்மா” என்றேன். நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இரவு வகுத்துப் பார்த்தேன். 59 × 509 = 30031. மறுநாள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாடத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் முன்னால் மதிப்பு இறங்கிவிடும் என்ற பயம்தான்; வேறு காரணம் இல்லை. அதன்பின் அவள் என்னிடம் சந்தேகமே கேட்கவில்லை.

யூக்ளிட் சொன்னது வேறு. பெருக்கிய பகா எண்களின் பட்டியலிலுள்ள எதனால் வகுத்தாலும், ஒன்றைக் கூட்டி வந்த எண்ணுக்கு 1 மீதி வரும். எனவே அதை மீதியின்றி வகுக்கும் பகா எண் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கவேண்டும். 59, 509 இரண்டும் அப்படி வெளியே இருந்தவை. அவள் கண்டது யூக்ளிட்டின் வாதத்துக்கே நல்ல உதாரணம். அதைத்தான் உட்காரச் சொன்னேன்.

பெரிய பகா எண்கள் சோதனையில்தான் தேறும். 2-இன் அடுக்காக 2, 3, 5, 7 ஆகியவற்றை வைத்து 1ஐக் கழித்தால் 3, 7, 31, 127 என்று பகா எண்களாகவே வரும். அடுக்கு 11 ஆனதும் 2047. அது 23 × 89. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண்ணும் இந்த வகைதான்: அடுக்கு 13,62,79,841, மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகே அதை அறிவித்தார்கள்.

1913இல் சென்னையிலிருந்து ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய ராமானுஜன், பகா எண்களின் எண்ணிக்கைக்குத் தாம் கண்ட சூத்திரம் மிகத் துல்லியம் என்று நம்பினார். அது அவ்வளவு துல்லியமில்லை. ஆனால் 1919இல், 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண் உண்டு என்பதற்கு அவரே சுருக்கமான நிரூபணம் வெளியிட்டார். மேதைக்கும் ஊகம் தவறலாம். தவறியதில் இழுக்கில்லை. நான் மறைத்ததில் இருக்கிறது.

என்னிடம் படித்தவர்கள் நோட்டில் ‘எப்போதும் புதிய பகா எண்தான் வரும்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்று பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை எழுந்து தப்பு என்றால், முதலில் நோட்டை வாங்கிப் பாருங்கள்.