சுரூபத்துக்கு வக்கீல்

சென்ற குளிர்காலத்தில் எங்கள் சட்டப் பிரிவில் மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்று நடந்தது. நம் சங்கத்து அன்பர்கள் சிலர் அன்று வந்திருந்தீர்கள். நான் வாதாடி முடித்ததும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் உரியவன்தானா என்ற ஐயம் அன்றிரவே எழுந்தது. இன்னும் அடங்கவில்லை. மலர் ஆசிரியர் கட்டுரை கேட்டபோது, வேறு எதைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை.

வழக்கு கற்பனை அன்று. இத்தாலியில் உண்மையாக நடந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு இத்தாலிய அரசாங்கத்தின் தரப்பு விழுந்தது. அதாவது, அரசாங்கப் பள்ளியின் வகுப்பறைச் சுவரில் பாடுபட்ட சுரூபம் இருக்கலாம் என்று நான் வாதாட வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் வீட்டு வாசலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சுரூபந்தான். சீட்டைப் பிரித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா? அன்று மாலையே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“அப்ப நீ சேசுவுக்கு வக்கீலா, யய்யா?” என்றாள். “நல்லாப் பேசு. அந்தோணியார் துணைக்கு நிப்பாரு.”

அவள் அந்தோணியாரை அழைத்தது பொருத்தமே. வழக்குப் பிறந்த ஆபானோ தெர்மே என்னும் ஊர், பதுவை நகரை அடுத்தது. செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் ஊரில் மெழுகுவத்தி கொளுத்துகிறார்களே, அந்தப் பதுவை அந்தோணியாரின் பதுவைதான்.

அந்த ஊர் அரசாங்கப் பள்ளியில் லௌட்சி என்ற அம்மையாரின் பிள்ளைகள் இருவர் படித்தார்கள். ஒருவனுக்கு வயது 11, மற்றவனுக்கு 13. மதச் சார்பற்ற அரசின் பள்ளியில் ஒரு மதத்தின் சின்னம் எதற்கு என்று 2002-ஆம் ஆண்டு பெற்றோர் கேட்டார்கள். பள்ளிக் குழு அகற்ற மறுத்தது. வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்தது. இத்தாலிய நீதிமன்றங்களில் அம்மையார் தோற்றார். 2009 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இத்தாலி விடவில்லை. 2011 மார்ச் 18 அன்று அதே நீதிமன்றத்தின் பேராயம் 15-க்கு 2 என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. சுரூபம் சுவரிலேயே நின்றது.

ஆக, நான் வென்ற தரப்புக்கு வக்கீல். கவலை என்ன? நூலகத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். முதலில் கிடைத்தது 1924-ஆம் ஆண்டின் அரச ஆணை. பள்ளிதோறும் நாட்டுக் கொடி வேண்டும். வகுப்புதோறும் சுரூபமும் அரசரின் படமும் வேண்டும் என்கிறது அது. 1946-இல் மக்கள் வாக்களித்து முடியரசை நீக்கிக் குடியரசை அமைத்தார்கள். அரசரின் படம் போய்விட்டது. பக்கத்து ஆணியில் இருந்த சுரூபம் மட்டும் தங்கிவிட்டது. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் சற்றே சங்கடமும் வந்தது. முசோலினியின் ஆட்சியில், அரசரின் படத்துக்குத் துணையாக ஒரே பட்டியலில் ஏறியவரா நம் ஆண்டவர் என்று தோன்றிற்று.

சங்கடம் மேலும் வளர்ந்தது. இத்தாலிய அரசாங்கத்தின் வாதங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டேன். சுரூபம் வெறும் மதச் சின்னம் அன்று. அது இத்தாலிய மக்களின் வரலாறு, பண்பாடு. அது விடுதலைக்கும் சமத்துவத்துக்கும் மனித மாண்புக்கும் அடையாளம். 2005-இல் வெனேத்தோ மாநில நிர்வாக நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசின் மதச் சார்பின்மைக்கே அது அடையாளம் என்று கூறிவிட்டது! எல்லாம் திறமையான வாதங்கள். என் தாளில் அழகாக எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, ஆணியில் அறையப்பட்டவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவரைப் பற்றிப் பேசினால் வழக்கு தோற்றுவிடும். அவர் வெறும் பண்பாடாகிவிட்டால்தான் சுவரில் இருக்கலாம்.

ஒருவர் வாதம் மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. 2010-இல் பேராயத்தின் முன் எட்டு நாடுகளின் சார்பில் ஊதியம் வாங்காமல் பேசிய ஜோசப் வைலர் என்ற சட்டப் பேராசிரியர் அவர். அவர் யூதர், தலையில் யூதர் அணியும் குல்லாயோடு வந்து நின்று, கிறிஸ்தவச் சுரூபத்துக்காகப் பரிந்து பேசினார். வெறுஞ்சுவரும் நடுநிலை அன்று, அதுவும் ஒரு கொள்கையின் பக்கம் சாய்ந்ததே என்பது அவர் கருத்து. இதற்கு விடை சொல்வது எளிதன்று. இன்றும் எனக்குத் தெரியாது. போட்டியில் அதையே முன்வைத்து வாதத்தைத் தொடங்கினேன். நன்றாகவே எடுபட்டது.

பிறகு எதிர்த்தரப்பு எழுந்தது. மராட்டியப் பெண் ஒருத்தி. குரலை உயர்த்தாமல் பேசினாள். சட்டத்தை அதிகம் எடுக்கவில்லை. பதினொரு வயதுப் பையன் கணக்குப் பாடத்தின் நடுவே தலையை நிமிர்த்தினால் என்ன பார்க்கிறான், அது தன்னுடையது அன்று என்று அறிந்தவன் எப்படி உட்காருவான் என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு அப்போது என் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஏதோ ஒரு சான்றிதழுக்காக அப்பா என்னை ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் பெரிய சாமி படம். புது மாலை, சின்ன விளக்கு. வெள்ளிக்கிழமை போலும், பொரியும் கடலையும் மேசைமேல் இருந்தன. வாசற்படியில் கால் வைக்குமுன் அப்பா நின்றார். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மேல் பொத்தானையும் மாட்டினார். அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். காக்க வைக்காமல் கையெழுத்திட்டார். என் கை நிறையப் பொரி அள்ளிக் கொடுத்தார். அந்தப் படம் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆயினும், வெளியே வந்து வெகுதூரம் நடந்தபிறகுதான் அப்பா பொத்தானைக் கழற்றினார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மன்றத்தில் சொல்லவும் முடியாது. அது எதிர்த்தரப்புக்கு உதவும் சாட்சி அல்லவா!

என் முறை மீண்டும் வந்தது. பேராயத்தின் தீர்ப்பில் உள்ள முக்கியக் கருத்தை எடுத்தேன். சுரூபம் மதச் சின்னந்தான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது சும்மா இருக்கும் சின்னம். போதிப்பதில்லை, ஜெபிக்கச் சொல்வதில்லை. அதனால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு உண்டாகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். இதை நான் சொல்லி முடித்ததும், நடுவராக அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வக்கீலே, ஒன்றும் செய்யாத பொருளைச் சுவரில் வைத்துக்கொள்ள ஓர் அரசாங்கம் ஒன்பது ஆண்டு ஏன் வாதாடுகிறது?”

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. பண்பாடு, மரபு, அந்தந்த நாட்டுக்கு விடப்பட்ட உரிமை என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். எங்கள் அணிதான் வென்றது.

இரவு அம்மா அழைத்தாள்.

“செயிச்சியா, யய்யா?”

“செயிச்சிட்டேன்மா.”

“சேசு நமக்காகப் பாடுபட்டாருன்னு நல்லா எடுத்துச் சொன்னியா?”

“சொல்லலம்மா. சொன்னாத் தோத்திருப்பேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அதன்பின் என் மனத்தைத் தேற்றிக்கொள்ள மேலும் படித்தேன். தேறவில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் முதலமைச்சர் மார்க்குஸ் சோடர், 2018 ஜூன் முதல் அரசாங்கக் கட்டடங்கள் ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் சிலுவை மாட்டப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். பவேரியாவின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் அது அடையாளம் என்பதே அங்கும் காரணம். மகிழ்ந்து வரவேற்றிருக்க வேண்டியவர் மியூனிக் பேராயர், கர்தினால் ரைன்ஹார்டு மார்க்ஸ். அவரோ கண்டித்தார். சிலுவையை வெறும் பண்பாட்டுச் சின்னமாகப் பார்ப்பவர் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்றும், அரசு அதைத் தன் உடைமை ஆக்கிக்கொள்ளலாகாது என்றும் கூறினார். ஆணையை எதிர்த்து இறைமறுப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 டிசம்பரில் லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அங்கும் சிலுவை வென்றது, என் வாதத்தினாலேயே. கர்தினாலின் சொற்களைப் படித்தபோது, போட்டியன்று அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

இத்தாலியிலும் காற்று சற்றுத் திரும்பியிருக்கிறது. 1924-இன் ஆணை சுரூபத்தைக் கட்டாயமாக்குவதாக இனிக் கொள்ள முடியாது. அந்தந்தப் பள்ளிச் சமூகத்தார் கலந்து பேசி, மாறுபட்ட கருத்துடையவரையும் அணைத்துக்கொண்டு, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று 2021 செப்டம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்டு வைப்பதும் ஆணையிட்டு வைப்பதும் ஒன்றல்ல என்ற அளவில் எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அம்மா கொடுத்த சிறிய சுரூபம் இரண்டு ஆண்டுகளாக என் பெட்டியின் அடியில் துண்டில் சுற்றிக் கிடந்தது. அறைத்தோழர் பீகார்க்காரர், வந்த முதல் நாளே தம் பக்கச் சுவரில் அனுமார் படத்தை ஒட்டி ஊதுவத்தி ஏற்றிவிட்டார். “உமக்கு மாட்ட ஒன்றும் இல்லையா?” என்று அப்போதே கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னவர் அல்லர்.

போட்டி முடிந்த வாரத்தில் சுரூபத்தை எடுத்து என் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். விடுதிச் சுவரில் ஆணி அடிக்கலாகாது என்பது விதி. ஒட்டும் கொக்கி ஒன்றை அவரே தேடித் தந்தார். இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார். அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பற்றி அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து, ஊதுவத்தித் தட்டைச் சன்னலோரம் நகர்த்தி வைத்தார். புகை சுரூபத்தின்மேல் படிகிறதாம்.