'போயிட்டு வரேன்'னு சொல்லுங்க!

கோடை லீவுன்னா உங்க கேங்குக்கு என்ன பிளான்? ஊட்டியா, கொடைக்கானலா, இல்லை பாக்கெட் மணிக்குத் தகுந்த மாதிரி ஏலகிரியா? நான் சொல்லப்போற கோடை கொஞ்சம் வேற டைப். 2024 கத்திரி வெயில்ல, அம்மாவை முன் சீட்டுல உட்கார வெச்சுக்கிட்டு, கல்யாணம் நடக்குமா நடக்காதான்னே தெரியாம திருவொற்றியூர்லேர்ந்து திருவாரூர் வரைக்கும் போன கதை. காதல், கடல், கோயில், சர்ச், ரிஜிஸ்டர் ஆபீஸ்னு எல்லாம் இதுல உண்டு. வில்லன் மட்டும் கிடையாது.

முதல்ல எங்க ஏரியாவைப் பத்தி ஒரு வார்த்தை. வடசென்னைன்னாலே உங்களுக்குப் புகைபோக்கியும், எண்ணூர் ஹைவேஸ்ல வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரியும்தான் ஞாபகம் வரும். ஆனா, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினதே எங்க ராயபுரத்துலேர்ந்துதான்! 1856 ஜூலை 1-ம் தேதி, ராயபுரம் டு வாலாஜா ரோடு. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னிக்கும் நிக்குது. ஆக, ஊரை விட்டுக் கிளம்புறது எங்களுக்குப் புதுசு இல்லை. இங்கே பாதி வீட்டுல ஒருத்தர் கடல்ல இருப்பார், இல்லை ஹார்பர்ல நைட் ஷிஃப்ட்ல இருப்பார், இல்லை துபாய்ல இருப்பார்.

நம்ம ஹீரோவும் அப்படித்தான். காசிமேட்டுப் பையன். அவங்க அப்பா விசைப்படகுல போறவர். பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு சரக்குக் கப்பல்ல ஃபிட்டர் ஆயிட்டார். நான் செல்லமா 'கேப்டன்'னு கூப்பிடுவேன். (பதவி உயர்வெல்லாம் நம்ம கையிலதானே இருக்கு!) நான் பி.காம். முடிச்சிட்டு ஒரு கன்டெய்னர் யார்டுல அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். அவர் கப்பல்ல ஏத்துற பெட்டிக்கு நான் பில் போடுறேன்னு வெச்சுக்கோங்களேன்.

அவர் கிறிஸ்தவர், நாங்க இந்து. 'அப்போ அதுதான் பிரச்னை'ன்னுதானே நினைக்கிறீங்க? அதான் இல்லை. அம்மா தெளிவா சொல்லிட்டாங்க: "சர்ச்சுக்குப் போறவன்னா போவட்டும். வடிவுடையம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. ஆனா கப்பலுக்குப் போறவனுக்கு எப்படிடி பொண்ணைக் குடுக்கறது?"

அம்மாவோட பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 கொரோனா சமயத்துல துறைமுகங்கள் எல்லாம் கதவைச் சாத்தினதும், கான்ட்ராக்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போக முடியாம உலகம் பூரா சுமார் 4 லட்சம் கப்பல் தொழிலாளர்கள் நடுக்கடல்ல மாட்டிக்கிட்டாங்க. அதுல எங்க கேப்டனும் ஒருத்தர். ஒன்பது மாசம்னு போனவர் பதினாலாவது மாசம்தான் வந்தார். அவங்க அம்மா அந்த அஞ்சு மாசமும் தூங்கினதே இல்லைன்னு காசிமேடே சொல்லும். அந்தத் தூக்கமில்லாத ராத்திரி தன் பொண்ணுக்கு வேண்டாம்னு எங்க அம்மா நினைச்சா, அதுல என்ன தப்பு சொல்ல முடியும்?

அதனால ஒரே ஒரு கண்டிஷன். "கப்பலை விட்டுட்டேன், இனி உன் பொண்ணை விட்டுப் போக மாட்டேன்னு தம்பி சத்தியம் பண்ணட்டும். மறுநாளே கல்யாணம்."

இங்கதான் எங்க ஊர்ப் பழைய கதை ஒண்ணு உள்ளே வருது. தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். தேவாரம் பாடின மூவர்ல ஒருத்தரான சுந்தரர், திருவாரூர்ல பரவையாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அப்புறம் ஊர் ஊரா சுத்திக்கிட்டே திருவொற்றியூர் வந்தார். கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுத்துக்கிட்டிருந்த சங்கிலியாரைப் பார்த்தார். அவ்ளோதான், அவுட்! சிவபெருமானையே தூது அனுப்பினார். 'உன்னைப் பிரிய மாட்டேன்'னு சன்னதியில சத்தியம் பண்ணணும்னு பேச்சு வந்தப்போ, 'அந்த நேரம் நீங்க சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க'ன்னு சாமிகிட்டயே டீல் பேசினார். சாமி சும்மா இருப்பாரா? சங்கிலியார் கனவுல போய், 'மகிழ மரத்தடியில சத்தியம் வாங்கு'ன்னு போட்டுக் கொடுத்துட்டார்! வேற வழியில்லாம அங்கேயே சத்தியம் பண்ணிக் கல்யாணம் முடிஞ்சுது. மாசி மாசத் திருவிழாவுல இன்னிக்கும் இதை மகிழடி சேவைன்னு கொண்டாடறோம்.

அப்புறம்? தென்றல் அடிச்சது, திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வந்தது, மனுஷன் கிளம்பிட்டார். ஊர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. சேக்கிழார் பெரியபுராணத்துல சொல்ற கதை இது.

அம்மாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். "சங்கிலி நாச்சியாரே சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கட்டிக்கிட்டா. நான் கேட்டா என்ன?"ன்னாங்க. கேப்டன் ரெண்டு நாள் யோசிச்சிட்டு வந்து சொன்ன பதில் இது: "ஆன்ட்டி, எனக்குத் தெரிஞ்ச தொழில் இதுதான். போக மாட்டேன்னு இன்னிக்குச் சத்தியம் பண்ணிட்டு ஆறு மாசம் கழிச்சுக் கிளம்பினேன்னா, அது உங்களையும் ஏமாத்தறது, அவளையும் ஏமாத்தறது. பொய் சத்தியம் வேணாம் ஆன்ட்டி."

அம்மா மூஞ்சைத் திருப்பிக்கிட்டாங்க. எனக்கோ, இந்த ஆளைத்தான் கட்டிக்கணும்னு அந்த நிமிஷம் உறுதியாச்சு!

ஆனா டைம் இல்லை. ஜூன் நாலாவது வாரம் அவர் அடுத்த கப்பல் ஏறணும். ரெண்டு மதம்கிறதால 1954-ம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் பதிவு. இதை நல்லா கவனிங்க, உங்கள்ல யாருக்காவது நாளைக்கு உதவும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது குறைஞ்சது 30 நாள் குடியிருக்கிற மாவட்டத்துல திருமண அலுவலர்கிட்ட நோட்டீஸ் கொடுக்கணும். அதை ஆபீஸ்ல ஒட்டுவாங்க. 30 நாள் வரைக்கும் யார் வேணாலும் ஆட்சேபம் சொல்லலாம். ஆனா 'எனக்குப் பிடிக்கலை'ங்கிறது ஆட்சேபம் ஆகாது. ஏற்கெனவே கல்யாணம் ஆகி ஜோடி உயிரோட இருக்கு, பையனுக்கு 21 ஆகலை, பொண்ணுக்கு 18 ஆகலை, தடுக்கப்பட்ட உறவுமுறை, சம்மதம் சொல்லும் மனநிலை இல்லை... இந்த மாதிரி காரணம்தான் செல்லும். நோட்டீஸ் கொடுத்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடிக்கலைன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

மே 6-ம் தேதி நோட்டீஸ் கொடுத்தோம். அம்மாவுக்குச் சொல்லிட்டுத்தான். 'சட்டம் ஓகே சொல்லிடும். நீ சொல்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "திருவாரூர்ல பெரிய மாமா என்ன சொல்றார்னு கேக்கலாம்"னாங்க. எங்க வீட்டுல அதுதான் சுப்ரீம் கோர்ட்!

கேப்டன் ஃப்ரெண்டோட காரை வாங்கிட்டு வந்தார். அவர் டிரைவிங், பக்கத்துல அம்மா, பின்னாடி மூட்டை முடிச்சோட நான். சுந்தரர் போன வழியிலேயே போகணும்னு அம்மா ஆர்டர். (உள்குத்து புரியுதா?)

முதல் ஸ்டாப், பூண்டி. கண்ணு தெரியாத சுந்தரருக்கு சாமி ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கம் கோயில் பழைய இடத்துல இல்லை. 1944-ல கட்டி முடிச்ச பூண்டி நீர்த்தேக்கத்துக்குள்ள போயிடுச்சு. சாமியைக் கொண்டு வந்து இப்போ இருக்கிற இடத்துல கோயில் கட்டியிருக்காங்க. அந்த ஏரிக்குத் தண்ணி வர்ற கொசஸ்தலை ஆறுதான் எங்க எண்ணூர்ல வந்து கடல்ல கலக்குது. "நம்ம ஆத்தைத்தான் இங்கே கட்டிப் போட்டிருக்காங்க ஆன்ட்டி"ன்னார் கேப்டன். "கட்டிப் போட்டாலும் கடைசியில கடலுக்குத்தானே வருது"ன்னு அம்மா முணுமுணுத்தாங்க. திட்டினாங்களா, இறங்கி வந்தாங்களான்னு கடைசி வரைக்கும் தெரியலை.

அடுத்து காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயில்லதான் சுந்தரருக்கு இடது கண் கிடைச்சுது. பிராகாரத்துல கால் வெச்சா தோசைக்கல்! அம்மா தவிச்சதைப் பார்த்து கேப்டன் தன்னோட துண்டை நனைச்சுக் கீழே போட்டு, அம்மா ரெண்டு அடி வெச்சதும் எடுத்து, திரும்ப முன்னாடி போட்டு... அப்படியே நிழல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். நான் பாவம், டான்ஸ் ஆடிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன்.

திருவாரூர் போய்ச் சேரும்போது ராத்திரி. சுந்தரருக்கு வலது கண் கிடைச்ச ஊர். எங்களுக்கும் அங்கேதான் கண் திறந்ததுன்னு சொல்லணும். மாமா கேப்டனைத் 'தம்பி, தம்பி'ன்னு நல்லாதான் பேசினார். ஆனா தீர்ப்பு சொன்னது மாமா இல்லை, எங்க அத்தை! மாமா 18 வருஷம் குவைத்ல இருந்தவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அம்மா தன் கதையெல்லாம் சொல்லி முடிச்சதும், அத்தை மல்லி கட்டிக்கிட்டே நிதானமா சொன்னாங்க:

"போகாதீங்கன்னு நான் ஒரு நாளும் உங்க அண்ணனைக் கேட்டதில்லை. எப்ப வருவீங்க, எவ்வளவு அனுப்புவீங்க, புள்ளைக்குக் காய்ச்சல்னா யார்கிட்ட நான் போகணும்? இந்த மூணையும்தான் கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லாம ஒரு தடவை கிளம்பினாரு பாரு... அந்த ரெண்டு வருஷம்தான் எனக்கு நரகம். மத்த வருஷமெல்லாம் சும்மா தூரம்தான்."

அந்த வீட்டுல யாரும் பேசலை. மாமா எழுந்து வாசலுக்குப் போயிட்டார்.

மறுநாள் காலையில அம்மாவே, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அவங்க மாதா கோயிலுக்கும் போயிட்டு வந்துடலாம்"னாங்க. வேளாங்கண்ணி. புயல்ல மாட்டின போர்த்துக்கீசிய மாலுமிகள் உயிரோட கரை சேர்ந்த நன்றிக்குக் கட்டின கோயில்னு காலங்காலமா சொல்ற கதையைக் கேப்டன் சொன்னார். அம்மா மெழுகுவத்தி ஏத்திட்டுத் திரும்பி, "அப்போ இது திரும்பி வந்தவங்க கட்டின கோயில்"னு மட்டும் சொன்னாங்க.

திரும்பி வர்ற வழியில ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து நாங்க மூணு பேரும் பேசினோம். அத்தை கேட்ட மூணு கேள்விக்கும் பதில். இனிமே ஆறு மாச கான்ட்ராக்ட் மட்டும்தான். சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லை. சம்பளத்துல பாதி நேரா ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்கு வரணும். என் வேலையை நான் விட மாட்டேன்; அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுலதான் குடித்தனம். நாலு வருஷத்துல அவர் கரையில வேலை தேடணும். அதுக்கான பரீட்சைக்கு இப்போலேர்ந்தே பணம் ஒதுக்கணும். எல்லாத்தையும் என் ஆபீஸ் டைரியில எழுதினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. "இதுக்குச் சத்தியமே வேணாம்"னாங்க.

ஜூன் 10, திங்கட்கிழமை கல்யாணம். மூணு சாட்சி வேணும். எங்க அம்மா, அவங்க அப்பா, திருவாரூர் மாமா. மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள்ங்கிறதால விசைப்படகுக்காரங்க எல்லாரும் கரையில! அவங்க சொந்தம் முழுக்க வந்துட்டாங்க. ஆனா பெரிய மீன் வரத்து இல்லாம வஞ்சிரம் விலை எங்கேயோ போயிருச்சு. மீன்காரங்க வீட்டுக் கல்யாணத்துல கோழி பிரியாணி போட்ட சரித்திரம் எங்களோடதுதான். சம்பந்தி வீட்டு ஆயா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

அலுவலர் முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் ஒரே ஒரு வரி சொல்லணும். நமக்குப் புரியற மொழியில சொல்லலாம். 'உங்களைச் சட்டப்படி என் கணவரா ஏத்துக்கறேன்'ங்கிற அர்த்தம் வர்ற வரி. கவனிச்சீங்களா? அதுல 'பிரிய மாட்டேன்'னு ஒரு வார்த்தை கிடையாது. 'ஏத்துக்கறேன்'னு மட்டும்தான் இருக்கு. வெளியே வந்ததும் மாமா கேப்டன் தோள்ல கை போட்டு, "வாங்க மாப்ள"ன்னார். 'தம்பி' போய் 'மாப்ள' வந்துடுச்சு!

பன்னிரண்டே நாள். திருவொற்றியூர் தேரடி மெட்ரோவுல ஏறினா நேரா ஏர்போர்ட். வழியனுப்ப அம்மாவும் வந்தாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டார். ஒரு தடவை பதினோரு நாள் லேட். அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தூக்கம் வரலைங்கிறதையும் சொல்லிடறேன். டைரியில எழுதினா கவலை காணாமப் போயிடாது பாஸ்! ஆனா ஏன் லேட், எந்தத் துறைமுகம், அடுத்த போன் எப்போன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. அத்தை சொன்ன மாதிரி அது சும்மா தூரம்தான்.

உங்கள்ல எத்தனை பேர் படிப்பு முடிஞ்சதும் பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்கான்னு கிளம்பப் போறீங்க! எத்தனை பேர் அப்படிக் கிளம்புறவங்களைக் காதலிச்சுக்கிட்டு இருக்கீங்க! 'என்னை விட்டுப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணு'ன்னு கேக்கறது சினிமாவுக்கு நல்லா இருக்கும். வாழ்க்கைக்குக் காப்பாத்த முடியற வாக்கா கேளுங்க. எப்போ வருவே, பணம் எப்படி, முடியாத நேரத்துல எனக்கு யாரு? கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கும். கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா, கல்யாணப் பத்திரிகை அடிக்கறதைக் கொஞ்சம் தள்ளி வைங்க.

நம்ம வீட்டுப் பெரியவங்க வாசல் தாண்டும்போது 'போறேன்'னு சொல்ல விட மாட்டாங்க, 'போயிட்டு வரேன்'னு சொல்லுன்னு அதட்டுவாங்க இல்லையா? அந்த ஒரு வார்த்தையில போறதும் இருக்கு, வர்றதும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்ற ஆளாப் பார்த்துக் கட்டிக்கோங்க!