இரண்டே முக்கால்

2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன், ரெஸ்ல்மேனியா 25. அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் மோதிய அந்த ஆட்டத்தை நான் பார்த்தது இரண்டு நாள் கழித்து. ஹாஸ்டல் லேனில் யாரோ இறக்கிவைத்திருந்தார்கள். மெஸ்ஸில் சாம்பார் வாளிக்கு வரிசையில் நிற்கும்போதே ஒருத்தன் "டேக்கர்தான்டா ஜெயிச்சான், பதினேழு-பூஜ்யம்" என்று போட்டு உடைத்துவிட்டான். ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது என்று எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஆக, இரண்டு வகையிலும் முடிவு தெரிந்த ஒன்றைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் மூன்று முறை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அதற்கு முன் நான் ரசிகன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. டென் ஸ்போர்ட்ஸ் வந்த வீட்டுப் பையன்கள் எல்லோரும் பார்த்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன். டிரம்ப் கார்டில் உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடம். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவன் என்று வகுப்பில் ஒருத்தன் அம்மா மேல் சத்தியம் செய்வான். மீசை முளைத்ததும் கார்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. திரும்பக் கொண்டுவந்தது இந்தப் பகைதான்.

இந்தப் பகைக்கு அப்போதே பன்னிரண்டு வயது. 1997 அக்டோபரில் செயின்ட் லூயிஸில் முதல் 'ஹெல் இன் எ செல்' ஆட்டம் இவர்கள் இருவருக்கும் இடையில்தான். கூண்டின் பக்கச் சுவரில் தொங்கிய மைக்கேல்ஸ், வர்ணனையாளர் மேசை நொறுங்க விழுந்தார். மூன்று மாதம் கழித்து சவப்பெட்டி ஆட்டம். அதில் பெட்டியின் விளிம்பில் முதுகு இடித்து, டிஸ்க் போய், சீக்கிரமே அவர் நான்கு வருடத்துக்கும் மேல் களத்தை விட்டு ஒதுங்க வேண்டியிருந்தது. எல்லாம் நடிப்பு என்பவர்களிடம் நான் இந்த முதுகைத்தான் காட்டுவேன். (நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோட் எழுதியே எனக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. அந்த வலிக்குக் கைதட்ட ஆளில்லை.)

ஹூஸ்டனுக்கு வருவோம். மைக்கேல்ஸ் வெள்ளை உடையில் மேலிருந்து வெளிச்சத்தோடு இறங்குகிறார். அண்டர்டேக்கர் வழக்கம்போல இருட்டு. இவ்வளவு வெளிப்படையான குறியீட்டை ஒரு சிறுகதையில் யாராவது வைத்தால் நாமே கிண்டல் செய்வோம். ரெஸ்லிங்கில் அது செல்லுபடியாகும், ஏனென்றால் அங்கே உடம்புகள்தான் பேசுகின்றன. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அது கேட்க வேண்டும்.

நடுவில் அண்டர்டேக்கர் ஓடிவந்து கயிற்றுக்கு மேலாக வெளியே பாய்கிறார். ஏழடி என்று சொல்லப்படும் உடம்பு. மைக்கேல்ஸ் ஒரு கேமராக்காரரைக் குறுக்கே இழுத்துவிடுகிறார். அவர் கேமராக்காரர் வேடத்தில் நின்ற இன்னொரு வீரர். விழுபவரைப் பிடிப்பது அவர் பொறுப்பு. பிடி சரியாக விழவில்லை. அண்டர்டேக்கர் தலைகுப்புறத் தரையில் இறங்கினார். கதை எங்கே முடிந்து விபத்து எங்கே தொடங்கியது என்று தெரியாத அந்தச் சில நொடிகள் முழுக்க, ரெஃப்ரியைப் பத்து வரை எண்ணச் சொல்லி மைக்கேல்ஸ் கத்திக்கொண்டிருக்கிறார்.

பிறகுதான் அந்த டூம்ஸ்டோன். ஆளைத் தலைகீழாகத் தூக்கி, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, முழங்கால் போட்டு உட்காருவது. கீழே இருப்பவன் தலை தரையைத் தொடக் கூடாது. ஒரு அங்குலம் பிசகினால் கழுத்து போய்விடும். அதனால் உலகத்திலேயே தன்னை அதிகம் வெறுப்பதாகச் சொல்பவன் கையில் கழுத்தைக் கொடுத்துவிட்டு நம்பித் தொங்க வேண்டும். வெளியே பகையாகத் தெரிவது உள்ளே இப்படி ஒரு ஏற்பாடு. அண்டர்டேக்கர் அதைப் போட்டுவிட்டு மேலே சாய்ந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஒன்று. இரண்டு. இரண்டே முக்காலில் மைக்கேல்ஸின் தோள் எழுந்தது. அண்டர்டேக்கர் கண்ணை விரித்துப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. எனக்குத்தான் முடிவு தெரியுமே, நான் ஏன் கத்தினேன்? பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த ஒரு வருடம் மைக்கேல்ஸுக்குத் தோல்வி நோயாக முற்றியது. மறு ஆட்டம் கேட்டார், மறுக்கப்பட்டார். 2010 ராயல் ரம்பிளில் வெளியேற்றப்பட்டபோது பித்துப் பிடித்தவர்போல ரெஃப்ரியை உதைத்தார். பிப்ரவரியில் எலிமினேஷன் சேம்பரின் அடித்தளம் வழியாக ஏறிவந்து ஒரே உதையில் அண்டர்டேக்கரின் சாம்பியன்ஷிப்பைக் கெடுத்தார். கிடைத்த பதில்: ஆடலாம், தோற்றால் நீ ஓய்வு.

2010 மார்ச் 28 ஆட்டத்தை பென்டிரைவில் ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். அப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேன். மே 31 ரிட்டயர்மென்ட். கூடத்தில் லேப்டாப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"யாருடா அந்த வெள்ளைக்காரன், இவ்ளோ அடி வாங்குறான்?"

"தோத்தா வேலைய விட்டுடணும்பா."

உட்கார்ந்துவிட்டார். டூம்ஸ்டோன் விழுந்தும் மைக்கேல்ஸ் எழுந்தார். முடிக்க வேண்டிய இடத்தில் அண்டர்டேக்கர் தயங்கி நின்றார். படுத்துக்கொள் என்றார். மைக்கேல்ஸ் அவர் உடம்பையே பிடித்து ஏறி, அவருடைய கழுத்தறுக்கும் சைகையை அவருக்கே காட்டி, கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்பா "ஐயோ" என்றார். அடுத்து விழுந்தது எகிறிக் குதித்துப் போட்ட டூம்ஸ்டோன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டு-பூஜ்யம்.

அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "இதெல்லாம் முன்னாடியே பேசிவச்சதுதான்பா" என்றேன்.

"அதனால என்ன? துரியோதனன் சாவான்னு தெரியாமயா படுகளத்துக்குப் போறோம்?"

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்து வளர்ந்தவர். பதினெட்டாம் நாள் என்பதை நான்தான் பிற்பாடு யோசித்துச் சேர்த்துக்கொண்டேன். அவருக்கு வேறு கேள்வி இருந்தது. "இனிமே இவன் என்ன பண்ணுவான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் வயது அப்போது 58, மைக்கேல்ஸுக்கு 44.

அன்றிலிருந்து விட்டதில்லை. 2014-இல் பிராக் லெஸ்னர் அண்டர்டேக்கரைத் தோற்கடித்து அந்த 21 வெற்றிக் கணக்கை முடித்தபோது, மறுநாள் அலுவலகத்தில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நல்ல ஆட்டம் என்று சொல்ல மாட்டேன்.

2018 நவம்பரில் மைக்கேல்ஸ் திரும்ப வந்தார். ரியாத்தில், டிரிபிள் எச்சோடு ஜோடி சேர்ந்து, எதிரே அண்டர்டேக்கரும் கேனும். தலையில் முடியில்லை. நால்வரும் மூச்சு வாங்கினார்கள். எனக்குக் கோபமாக வந்தது. எட்டு வருடம் காப்பாற்றிய ஒரு வார்த்தை அது. பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். ரிட்டயராகி ஆறாவது மாதமே ஒரு கான்ட்ராக்டரின் ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர், அப்போதும் போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த வெள்ளைக்காரன் திரும்ப வந்துட்டான்."

யார் என்று அவர் கேட்கவில்லை.

"பின்ன, எவ்ளோ நாளைக்குத்தான் வீட்லயே உக்காந்திருப்பான்? முதுகு எப்பிடி இருக்காம்?"